ஊர் மாறினால் பொருள் மாறும்: மொழிபெயர்ப்பு மேசைக் குறிப்புகள்

மார்ச் 3, 2025

கூட்டக் குறிப்பில் 'டேபிள் தி மோஷன்' என்று வந்தால் உடனே கைவைக்கக் கூடாது. பிரிட்டனில் அதற்கு 'தீர்மானத்தை விவாதத்துக்கு எடு' என்று பொருள். அமெரிக்காவில் 'இப்போதைக்குக் கிடப்பில் போடு' என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் வாதாடியிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றுதான் என்பது பிறகே தெரிந்தது என்று சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார்.

தமிழில் 'தாக்கல் செய்தனர்' என்றாலும் 'ஒத்திவைத்தனர்' என்றாலும் வாக்கியம் சரியாகவே தோன்றும். அதனால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பிழை படாது. மூலம் எந்த நாட்டுச் சபையுடையது என்று பார்த்த பிறகே வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மார்ச் 4

சிப்ஸ், பிஸ்கட், பேன்ட்ஸ். இப்படிப்பட்ட பட்டியல்கள் படிக்கச் சுவைதான், ஆனால் வேலைக்குப் பெரிதாக உதவாது. பிரிட்டனில் 'பேன்ட்ஸ்' உள்ளாடை, அமெரிக்காவில் கால்சட்டை. தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்த வரியிலேயே குட்டு உடைந்துவிடும்.

மார்ச் 6

அளவைகள். தப்பு அதிகம் நடக்கிற இடம் இது.

'பைன்ட்' பிரிட்டனில் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி. 'கேலன்' பிரிட்டனில் 4.546 லிட்டர், அமெரிக்காவில் 3.785 லிட்டர். அமெரிக்கா 231 கன அங்குலமுள்ள பழைய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது. பிரிட்டன் 1824 சட்டத்தில் புதிய கேலனுக்கு மாறியது. ஒரு கேலனுக்கு 30 மைல் ஓடும் வண்டி என்று மூலத்தில் இருந்தால், பிரிட்டிஷ் கணக்கில் லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 12.8. இரண்டுமே நம்பும்படியான எண்கள் என்பதுதான் வம்பு.

'டேபிள்ஸ்பூன்' பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. டீஸ்பூன் அங்கும் 5 மில்லிதான். எனவே அமெரிக்கச் சமையல் குறிப்பை ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூனால் அளந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மாவில் அது பெரிதாகத் தெரியாது, உப்பிலும் சமையல் சோடாவிலும் தெரியும். எல்லாவற்றையும் டீஸ்பூன் கணக்குக்கு மாற்றி எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

'டன்' மூன்று வகை: பிரிட்டிஷ் 1,016 கிலோ, அமெரிக்க 907 கிலோ, மெட்ரிக் 1,000 கிலோ.

மார்ச் 7

'பில்லியன்'. இன்றைய ஆங்கிலத்தில் நூறு கோடி. பழைய பிரிட்டிஷ் வழக்கில் லட்சம் கோடி, அதாவது ஆயிரம் மடங்கு. பிரிட்டிஷ் அரசு 1974இல் அமெரிக்க வழக்குக்கு மாறியது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூல் என்றால், அருகில் 'ஆயிரம் மில்லியன்' என்ற தொடர் வருகிறதா என்று தேட வேண்டும். வந்தால் அந்த ஆசிரியர் பழைய கணக்கில் எழுதுகிறார் என்று கொள்ளலாம். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இந்தச் சொல் இன்றும் லட்சம் கோடிதான்.

மார்ச் 11

'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்': பிரிட்டனில் ஒரு மாடி ஏற வேண்டும், அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே அதுதான். 'முதல் மாடி' என்று பழக்கத்தில் எழுதிவிடுவோம். அமெரிக்க மூலமானால் 'தரைத்தளம்' என்பதே சரி.

'பேவ்மென்ட்' பிரிட்டனில் நடைபாதை. அமெரிக்காவில் வண்டி ஓடும் சாலையின் தார், கான்கிரீட் பரப்பு. பாதுகாப்புக் கையேட்டில் இதைக் குழப்பினால், நடப்பவரைச் சாலைக்குள் இறக்கிவிடுவோம்.

'பாரஃபின்' பிரிட்டனில் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். அமெரிக்காவில் மெழுகு. 'பாரஃபினை உருக்கு' என்ற குறிப்பை மண்ணெண்ணெய் என்று பெயர்த்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 13

நேரச் சொற்கள். 'மொமென்டரிலி' அமெரிக்காவில் 'இதோ, சற்று நேரத்தில்'. பிரிட்டனில் பழைய பொருளில் 'கண நேரம் மட்டும்'. 'விமானம் மொமென்டரிலி தரையிறங்கும்' என்ற அறிவிப்பைக் கேட்ட பிரிட்டிஷ் பயணி, இறங்கக்கூட நேரம் கிடைக்காதோ என்று நினைக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 'ஜஸ்ட் நௌ' என்றால் இப்போது அல்ல, பிறகு. எவ்வளவு பிறகு என்பதற்கு வரையறை இல்லை. 'ஹாஃப் எய்ட்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் எட்டரை, ஜெர்மானியர் தம் மொழிப் பழக்கத்தில் சொன்னால் ஏழரை.

'பைவீக்லி' எந்த ஊரிலும் தெளிவில்லாத சொல்: வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா? அட்டவணைத் தேதிகளைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

மார்ச் 17

'க்வைட் குட்': அமெரிக்கர் சொன்னால் பாராட்டு, பிரிட்டிஷ்காரர் சொன்னால் பல நேரம் 'பரவாயில்லை' ரகம். பரிந்துரைக் கடிதங்களில் இது ஒருவருடைய வேலையையே தீர்மானிக்கலாம்.

நம் ஆங்கிலமும் இதில் சளைத்ததல்ல. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் கேள்வி கேட்பதை வெளிநாட்டார் அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்வார்கள். கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனோம் என்றால் மயங்கி விழுந்தோம் என்று பொருள்கொள்வார்கள். 'ரிவர்ட்' நமக்குப் பதில் எழுதுவது, அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஹோம்லி' குடும்பப்பாங்கு. அமெரிக்கரிடம் அதைச் சொன்னால், பெண் அழகில்லை என்று நாமே விளம்பரம் கொடுத்தது போலாகும்.