மலைக்கு முதுகு காட்டும் பூக்கள்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டத் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் அருவிக் குளியலுக்கு அடுத்தபடியாக விசாரிப்பது இப்போதெல்லாம் சூரியகாந்தித் தோட்டத்தைத்தான். தென்காசியிலிருந்து சுரண்டை செல்லும் திசையில் ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலங்களில் பயிராகும் சூரியகாந்தி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வயலுக்கு வயல் முன்பின்னாகப் பூக்கிறது. மேற்கே மலையோரத்தில் சாரலாக விழுவது, இந்த ஊர்களுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் வெறும் காற்றாகவும் மேக நிழலாகவும் மாறிவிடுகிறது. பூத்த நேரத்தில் மழை அடித்துப் பெய்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், குற்றாலத்தில் நனைய வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகத் தோன்றும் இந்த வறண்ட காற்று, விவசாயிக்கு அவ்வளவு தொல்லையாக இருப்பதில்லை.

நாங்கள் சுந்தரபாண்டியபுரத்தை அடைந்தபோது காலை ஏழரை மணி இருக்கும். சாலையோரத்தில் அதற்குள்ளாகவே கேரளப் பதிவெண் கொண்ட கார்கள் வரிசை கட்டி நின்றன. புனலூர், ஆரியங்காவு, புளியரை வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கிவிட்டால் இங்கு வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. வடகேரளத்துக்காரர்கள் வயநாட்டைத் தாண்டிக் குண்டல்பேட்டைப் பூந்தோட்டங்களுக்குப் போவதைப் போலத் தென்கேரளத்துக்காரர்கள் இங்கே வருகிறார்கள். ஒரு திரைப்படப் பாடலுக்காக நடிகர்களின் முகங்கள் தீட்டப்பட்ட பாறைகளும் பக்கத்திலேயே இருப்பதால், அந்தக் கூட்டமும் இங்கே வந்து சேர்கிறது. பாறைகளை நாங்கள் போகிற போக்கில் பார்த்ததோடு சரி.

நாங்கள் நுழைந்த தோட்டத்தில் வரப்பு ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்திருந்த நில உரிமையாளர், ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்படிக் காசு வாங்குவதைக் குறை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வரப்பு மிதிபட்டுச் சரிவதும், படம் எடுக்கும் வேகத்தில் தண்டுகள் ஒடிவதும், காதில் செருகிக்கொள்ளப் பூவைக் கிள்ளுவதும் அவருடைய பயிரில்தான் நடக்கின்றன. பூவின் நடுவே விதைகளைப் பிடுங்கிக் கண்ணும் வாயும் வரைந்து படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போன பூ ஒன்றை அவரே எங்களுக்குக் காட்டினார். இருபது ரூபாய் அதற்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்றுதான் சொல்வேன்.

இத்தோட்டங்களின் அழகுக்கு ஒரு காரணம் திசை. மொட்டாக இருக்கும்வரை சூரியனைப் பின்தொடர்ந்து கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பும் இச்செடி, பூ முழுவதும் விரிந்து தண்டு முற்றியபின் அப்படித் திரும்புவதில்லை. கிழக்கைப் பார்த்தபடி நின்றுவிடுகிறது. கிழக்கு நோக்கிய பூ காலை வெயிலில் விரைவாகச் சூடேறுவதாகவும், அந்தச் சூட்டுக்குத் தேனீக்கள் கூடுதலாக வருவதாகவும் கலிபோர்னியாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே இருப்பதால், தோட்டத்தின் கிழக்கு வரப்பில் நின்றால் அத்தனை பூக்களும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கின்றன. வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து அவற்றின் முகத்தில் விழுகிறது. அதற்குப் பின்னால் மேகம் கவிந்த மலை. அருவியில் குளித்து, பார்டர் பரோட்டாவையும் முடித்துக்கொண்டு மாலையில் வருகிறவர்களுக்கு மலைக்குப் பின்னே இறங்கும் வெயிலும் நிழல் படிந்த பூக்களும்தான் கிடைக்கும். மாலையில் பூக்களெல்லாம் மேற்கே திரும்பியிருக்கும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு.

வரப்பிலிருந்து பார்க்கும்போது மஞ்சள் கடலாகத் தெரிவதைவிட, ஒரே ஒரு பூவின் முன் குனிந்து நின்று பார்த்ததே எனக்குப் பிடித்திருந்தது. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். சுற்றிலும் உள்ள மஞ்சள் இதழ்கள் விதை வைப்பதில்லை, பூச்சியை அழைப்பதே அவற்றின் வேலை. நடுவட்டத்தில் உள்ள சிறு பூக்கள் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக மலர்கின்றன. நான் பார்த்த பூவில் ஓரத்து வளையங்கள் மகரந்தம் உதிர்ந்து வாடத் தொடங்கியிருக்க, அடுத்த வளையம் பொன்னிறத் தூளோடு நின்றது. நடுவில் இன்னும் பச்சை மாறாத மொட்டுகள் சுருள் சுருளாக நெருங்கியிருந்தன. கால்களில் மஞ்சள் தூளை அப்பிக்கொண்டு ஒரு தேனீ அந்த நடு வளையத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

தேனீ போதாத இடத்தில் மனிதக் கை வேலை செய்கிறது. சற்றுத் தள்ளி, உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பூவின் முகத்தையும் மெதுவாகத் தடவியபடியே ஒரு அம்மா வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார். ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போய்ச் சேராவிட்டால் நடுவட்டத்தில் மணி பிடிக்காமல் பொக்காகப் போய்விடும். அதற்காகவே பூத்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள் இந்த வேலை நடக்கிறது. படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, “என்னைய எதுக்கு எடுக்கிய, பூவ எடுங்க தம்பி” என்று சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

விதைத்து ஏறக்குறைய தொண்ணூறு நாளில் அறுவடைக்கு வரும் இப்பயிர், முகம் மலர்ந்து நிற்பது இரண்டு வாரத்துக்குள்தான். அதன்பிறகு மணி கனத்துத் தலை கவிழ்கிறது, பூவின் முதுகு எலுமிச்சை நிறத்துக்கு மாறுகிறது, கிளிகள் வருகின்றன. “பூ தலைகவுந்தாத்தான் அண்ணாச்சி எங்களுக்கு நல்ல நேரம். அப்ப உங்கள மாதிரி ஆளுக யாரும் வரமாட்டாக, கிளிதான் வரும்” என்றார் நில உரிமையாளர். தகரத்தைத் தட்டிக் கிளி விரட்டுவதற்குத் தனியாக ஆள் வேண்டும், அந்தக் கூலியும் விலையில் கட்டுபடியாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1969-இல் சோவியத் நாட்டிலிருந்து எண்ணெய் வித்தாக இந்தியாவுக்கு வந்த பயிர் இது. ஆனால் நாம் கடையில் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி இன்று உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்துதான் கப்பலேறி வருகிறது. விலை படியாத வருடத்தில் இங்கே அதே நிலத்தில் சின்ன வெங்காயமோ மக்காச்சோளமோ ஏறிவிடும்.

ஆகவே போன வருடம் யாரோ குறித்துவைத்த இடத்தை வரைபடத்தில் பிடித்துக்கொண்டு போவதில் பயனில்லை. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் கேட்டால் எந்தத் தோட்டம் பூத்திருக்கிறது, எது கவிழ்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு முன் போய்விடுவது நல்லது. தோட்டங்களில் கழிப்பறையோ நிழலோ கிடையாது. ஆடிக்காற்று மண்ணை வாரி அடிப்பதால், கேமரா கொண்டுபோகிறவர்கள் அதை மூடிவைக்க ஒரு துணியும் எடுத்துக்கொள்ளலாம்.