கேஸ் கீசரை எங்கே மாட்டுவது, அடுப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வரி போதும். மீதியெல்லாம் அது ஏன் என்பதற்கும், ஏற்கெனவே உள்ளே மாட்டிவிட்டவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும்தான். அப்படியே அடுப்பு, டியூப், சிலிண்டர் பற்றியும் கொஞ்சம்.

குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்க ஒரு கேஸ் உலை ஓடும். நம் டெல்டாவில் அதற்கு வேலையில்லை. மார்கழியில்கூடத் தஞ்சாவூரில் ஸ்வெட்டர் தேடுகிறவர்கள் குறைவு. நம் வீட்டில் கேஸ் எரிகிற இடம் இரண்டுதான்: சமையல்கட்டு, கீசர். ஆனால் அந்த உலைக்குச் சொல்லும் விதியேதான் இவற்றுக்கும். எரிவதற்குக் காற்று உள்ளே வர வேண்டும், எரிந்த காற்று வெளியே போக வேண்டும், சுடர் நீலமாக இருக்க வேண்டும்.

முற்றம் வைத்த ஓட்டு வீட்டில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. வெந்நீர் கொல்லையில் விறகடுப்பில் காய்ந்தது, புகை தன் பாட்டுக்கு வானத்துக்குப் போனது. இப்போது கட்டுவதெல்லாம் படுக்கையறையோடு ஒட்டிய ஐந்துக்கு ஏழு குளியலறை. மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர். அதையும் மார்கழிப் பனிக்கும் கொசுவுக்கும் பயந்து அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். அங்கே கொண்டுபோய் கீசரை மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சாதாரண கீசர் சுமார் 12 கிலோவாட் வேகத்தில் கேஸை எரிக்கிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 0.9 கிலோ. பத்து நிமிடம் ஓடினால் 150 கிராம். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். 150 கிராமுக்கு 2 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டடி உயரமுள்ள ஐந்துக்கு ஏழு அறையில் இருக்கும் மொத்தக் காற்றே 8 கன மீட்டர்தான். ஆக, ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அறையின் பிராணவாயுவில் கால் பங்குக்கு நெருக்கமாகக் காலி. அடுத்த ஆள் உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இன்னொரு கால் பங்கு.

மூச்சுத் திணறல் அல்ல இதில் பெரிய ஆபத்து. பிராணவாயு சில விழுக்காடு குறைந்ததுமே கேஸ் முழுதாக எரிவது நின்று, கரியமில வாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்சைடு உண்டாகத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. எல்.பி.ஜி.யில் கலக்கும் எத்தில் மெர்காப்டன் நாற்றம் எரியாத கேஸ் கசிந்தால்தான் தெரியும். எரிந்த கேஸில் அது இருக்காது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாகக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. பிறகு கால் துவண்டுபோகும். தாழ்ப்பாளை எட்டித் திறக்க முடியாமல் விழுந்துவிடுவார்கள்.

அதனால் கீசரின் இடம் வெளிச்சுவர். கொல்லைப்பக்கம், சாரல் படாத சன்ஷேடுக்குக் கீழே. சூடான தண்ணீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரட்டும். பிளம்பருக்கு அரை நாள் வேலை. கீசரின் மேல்புறத் துவாரம் ஜன்னலுக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், புகை அப்படியே அறைக்குள் திரும்பும்.

ஏற்கெனவே உள்ளே இருந்தால், இடம் மாற்றும்வரை ஒரே முறைதான் சரி. கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்தி, சில நிமிடம் காற்றாடவிட்டு, அப்புறம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடலாம். ஷவரைத் திறந்துகொண்டு கீசர் ஓட ஓடக் குளிக்கக் கூடாது. "எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே" என்பார்கள். கதவுக்குக் கீழே காற்று வர வழியில்லாமல் ஃபேன் மட்டும் ஓடினால் அது இழுக்கக் காற்று இருக்காது. கீசருக்குப் புகைக்குழாய் இருந்தால் அதன் வழியாகவே புகையை அறைக்குள் இழுத்துவிடவும் செய்யும். மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி, இரண்டும் வெளிக்காற்றோடு சேர்ந்து திறந்திருந்தால்தான் காற்று ஓடும்.

யாராவது உள்ளே மயங்கிவிட்டால் கதவை உடைத்தாவது திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஆளைத் திறந்தவெளிக்கு இழுத்துவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று முதலிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடையும் பிராணவாயுவாகவே எண்ணி 98, 99 என்று காட்டும். அதை நம்பி யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

கீசரின் பராமரிப்பு பெரிய வேலையில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. மாதம் ஒருமுறை பாருங்கள்: குழாயை மூடினால் ஓரிரு நொடியில் சுடர் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் தண்ணீர் வால்வின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு சிக்கிக்கொண்டது என்று பொருள். உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். திறந்து இரண்டு மூன்று நொடி கழித்து "டப்" என்ற சத்தத்தோடு பற்றினால், பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். தீப்பொறி தாமதிப்பதற்குள் கேஸ் சேர்ந்துவிடுகிறது. தடிமனான 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, அவ்வளவுதான் செலவு. பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள்.

பற்றவே இல்லை என்றால் பழி பெரும்பாலும் தண்ணீர் அழுத்தத்தின் மேல்தான். குழாய்க்கும் மாடித் தொட்டிக்கும் பத்தடி உயர வித்தியாசம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார். பல கீசர்களுக்கு அது விளிம்பில்தான் போதும். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வலை வடிகட்டியில் மண் சேர்ந்தால் அதுவும் போய்விடும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். வால்வைத் திருகி ஏமாற்றி எரியவைத்துத் தருகிறேன் என்கிற ரிப்பேர்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். குறைந்த தண்ணீரில் எரியாமல் இருப்பதுதான் அந்தச் சாதனத்தின் காவல்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. செம்புச் சுருளுக்குள் சுண்ணாம்பு படியும், தண்ணீர் சூடாகாது, சுருள் மட்டும் காயும். வருடம் ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். சுருளின் வெளிப்பக்கத் தகடுகளில் கரி பிடித்திருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கரி அடைத்தால் புகை மேலே ஏறாது, சுடர் மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடு கூடும். சுடர் தெரியும் சின்ன ஜன்னலில் மஞ்சள் தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர். அடுப்பு டியூபை நடுவில் வெட்டி டீ ஜாயிண்ட் போட்டு இரண்டுக்கும் பிரிப்பது வேண்டவே வேண்டாம்.

அடுப்பிலும் நிறம்தான் பேசும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதென்றால் காற்று சரியாகக் கலக்கவில்லை. நம் வீடுகளில் காரணம் பெரும்பாலும் பொங்கி வழிந்த சாதக்கஞ்சியும் பாலும். பர்னர் ஓட்டையில் போய்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பித்தளைப் பர்னரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, ஓட்டை ஒவ்வொன்றையும் மெல்லிய ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் சுடர் துடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் ஊசி பர்னருக்கு மட்டும். கேஸ் வெளிவரும் ஜெட்டின் துளையில் ஊசியை விட்டால் பித்தளை விரிந்துவிடும்; அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் போகாது, ஜெட்டையே மாற்ற வேண்டும்.

பர்னரிலிருந்து சுடர் எழும்பாமல் கீழே "உஸ்" என்ற சத்தம் வந்தால் தீ உள்ளே போய் ஜெட்டின் வாயில் எரிகிறது. குமிழை மூடி, ஆறவிட்டு, பர்னர் மூடி கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குமிழ் இறுகிப்போனால் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் உண்டு. சூட்டில் அது பிசினாகி இன்னும் கெடும். வால்வுக்கென்றே கிரீஸ் இருக்கிறது, அதைக் கழற்றித் தடவத் தெரிந்தவர் செய்யட்டும்.

இரும்புக் கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபுக்கு ஐந்து வருட ஆயுள்; தேதி டியூப் மேலேயே அச்சிட்டிருக்கும். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி ஊருக்குள் வரும். வெறும் ரப்பர் டியூப் அதன் பல்லுக்கு ஒரு இரவு தாங்காது. எண்ணெய்ப் பிசுக்கு படுகிறதென்று டியூபுக்குத் துணி உறை தைத்துப் போடுகிறார்கள். டியூபில் விழும் விரிசல் தெரியாமல் போவதுதான் அதன் பலன்.

சிலிண்டர் வந்ததும் கைப்பிடிக்குக் கீழ் இருக்கும் பட்டையைப் பாருங்கள். 'பி-27' என்றிருந்தால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மறுசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். ஏ, பி, சி, டி நான்கும் நான்கு காலாண்டு. காலம் கடந்ததென்றால் திருப்பிக் கொடுங்கள். அதே பட்டையில் காலி எடையும் இருக்கும், அதோடு 14.2 கிலோ கூட்டினால் வர வேண்டிய எடை. மூடியைக் கழற்றி வால்வுக்குள் கறுப்பு வாஷர் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே ரெகுலேட்டரை மாட்டுங்கள். மாற்றும்போது சாமி விளக்கும் ஊதுபத்தியும் அணைந்திருக்க வேண்டும், பக்கத்து அறையில் இருந்தாலும். மாட்டியதும் சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வால்வு, டியூப்பின் இரண்டு முனை, அடுப்புக் குமிழ் எல்லாவற்றிலும் வையுங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

கேஸ் கசிந்தால் அது தரையில்தான் படியும். குத்தாலம், நரிமணம் பக்கம் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே போய்விடும். சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவையோ காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அதனால்தான் சமையல் மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரிக்குள் சிலிண்டரை வைத்தால், தரையோடு ஒட்டித் துவாரம் இருந்தே ஆக வேண்டும். கசிவு அலாரம் வாங்கினால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள், கூரையில் அல்ல. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில். கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கவைக்கவே கூடாது, திரவமாகவே டியூபுக்குள் பாயும்.

நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஓடுகிற ஃபேன் ஓடட்டும். எரிகிற சாமி விளக்கை அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வுக்கு வெள்ளை மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே நின்று 1906-க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருபத்துநான்கு மணி நேரமும் உள்ள எண் அது. ராத்திரி படுக்கப்போகும்போது ரெகுலேட்டரை முதலில் மூடி, சுடர் தானாக அணைந்த பிறகு அடுப்புக் குமிழைத் திருகினால் டியூபுக்குள் கேஸ் தங்காது.

ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் ஊர்களுக்கு இன்னொன்று. சிலிண்டர் கனமாயிற்றே, அங்கேயே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே 33.3 லிட்டர் கொள்ளளவு, நிரம்பிய எடையோ சுமார் 30 கிலோ. நிரம்பிய சிலிண்டரே மிதக்கும், காலி கேட்கவே வேண்டாம். டியூபோடு மிதந்தால் ரெகுலேட்டரைப் பிடுங்கிவிடும். வெள்ளம் வருமென்றால் முன்கூட்டியே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை நிற்கவைத்து ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். ரெகுலேட்டரை உயரத்தில் வையுங்கள். அதன் மேல் ஒரு சின்ன மூச்சுத் துவாரம் உண்டு. சேறு அதில் போனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரம் சரியாக அசையாது. சேற்றில் நனைந்ததைத் துடைத்து மாட்டாமல் ஏஜென்சியில் மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்பில் கேஸும் காற்றும் கலக்கும் மிக்ஸிங் டியூபையும் கழற்றி ஊதிப் பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடென்றால் சேறு இல்லாவிட்டாலும் அதில் குளவிக்கூடு இருக்கும்.