சம்பந்தி நுழையும் கதவு: மொரீஷியஸ் நாட்குறிப்பு

8 ஜூலை 2024, திங்கள், போர்ட் லூயி

மகளின் பிரசவத்துக்கு வந்த இடத்தில் லாட்ஜ் தேடிப் போவது முறையா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் சம்பந்தியும் என்னைப் போலவே பிரீமேசன்தான் (சடங்குகளோடு கூடும் ஒரு சகோதர அமைப்பின் உறுப்பினர்; அதன் கிளையைத்தான் லாட்ஜ் என்போம்) என்று இன்று தெரியவந்தது. திருமணமாகி நான்கு ஆண்டுகளில் இருவருமே இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. சென்னையில் லாட்ஜுக்குப் போகிறேன் என்றால் ஆட்டோக்காரர் தங்கும் விடுதியில்தான் இறக்கிவிடுவார் என்பதால், வெளியே சொல்லாமலிருப்பது எனக்குப் பழகிப்போயிற்று.

பெட்டியிலிருந்து கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜுகளின் தலைமை அமைப்பு) சான்றிதழையும், சந்தா கட்டிய ரசீதையும், இந்தியாவிலிருந்து பெற்று வந்த அறிமுகக் கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். கடிதத்தைப் படித்த சம்பந்தி, அதை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, "உங்களால் எங்கள் லாட்ஜுக்கு வர முடியாதே, சம்பந்தி" என்றார்.

10 ஜூலை, புதன்

சம்பந்தி சார்ந்திருப்பது கிராண்ட் ஓரியன் என்னும் பிரான்சின் பிரீமேசன் தலைமை அமைப்பு. இத்தீவின் மிகப் பழைய லாட்ஜான லா திரிப்ள் எஸ்பெரான்ஸ் 1778இல் அந்த மரபில்தான் தோன்றியது. பிரெஞ்சுப் புரட்சிக்கும் முந்தைய அந்த லாட்ஜைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இன்று காலை சம்பந்தி என்னை அங்கே அழைத்துச் சென்றார். கதவு வரை போய்த் திரும்பினோம்.

காரணம் 1877ஆம் ஆண்டில் இருக்கிறது. இறை நம்பிக்கையும் ஆன்மாவின் அழியாமையும் உறுப்பினருக்குக் கட்டாயம் என்ற வாசகத்தை கிராண்ட் ஓரியன் அவ்வாண்டு தன் சட்டத்திலிருந்து நீக்கிவிட, அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ் உறவை முறித்துக்கொண்டது. நீக்கச் சொல்லி முன்னின்று வாதாடியவர் நாத்திகர் அல்லர், பிரெதெரிக் தெமோன் என்ற புரொட்டஸ்டண்ட் பாதிரியார். மனச்சாட்சியைச் சட்டத்தால் கட்டக்கூடாது என்பது அவர் கட்சி. எங்கள் இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்றின் வழிவந்தது என்பதால் அந்த விலக்கு எனக்கும் பொருந்தும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு விரதமிருந்து அலகு குத்திக் காவடி எடுப்பவர் சம்பந்தி. கடவுளைப் பற்றிக் கேள்வியே கேட்காத லாட்ஜில் அவர் இருக்கிறார். கோயிலுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போவதே அதிகம் என்றிருக்கும் நான், நம்பிக்கையை உரக்கச் சொன்னால்தான் உள்ளே விடும் லாட்ஜில் இருக்கிறேன். அவரிடம் இதைச் சொன்னேன். "முருகனுக்கும் எனக்கும் உள்ளதை மூன்றாமவர் ஏன் கேட்க வேண்டும்?" என்றார்.

11 ஜூலை, வியாழன்

செயிண்ட் லூயி பேராலயத்தின் முன் சற்று நேரம் நின்றோம். 1813 ஆகஸ்டில், தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த மொய்ரா பிரபு இங்கே இறங்கி, மேசானியச் சடங்குடன் இதன் அடிக்கல்லை நாட்டினார். போப்பாண்டவர் 1738இலேயே கண்டித்த ஓர் அமைப்பின் தலைவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கல் நாட்டியதை இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாது. பின்னர் இடித்துக் கட்டியதால், இப்போது நிற்பது இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம்.

திரும்பும் வழியில் சம்பந்தி, 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் தருவித்த கதையைச் சொன்னார். மேசன் (கொத்தர்) என்ற பெயரோடு ஏப்ரன் கட்டிக்கொண்டு கரணையைப் பற்றிப் பேசும் நாங்கள் ஒரு செங்கல்லும் வைத்தறியோம். இந்நகரத்தை மெய்யாகவே கட்டிய அந்தக் கைகளை எந்த லாட்ஜும் அன்று அழைத்திருக்காது.

13 ஜூலை, சனி, இரவு

இங்கிலாந்து மரபில் இயங்கும் ஒரு லாட்ஜுக்கு இன்று போனேன். மலைப்பாதை, மழை வேறு; இருட்டில் தனியே அனுப்ப மாட்டேன் என்று சம்பந்தியே வண்டியோட்டி வந்து, வாசலில் இறக்கிவிட்டு, வெளியிலேயே இருக்கிறேன் என்று சொல்லி வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

டைலர் (தையற்காரர் அல்லர், வாயிற்காப்பவர்) வருகைப் பதிவேட்டை நீட்டினார். எனக்காகச் சாட்சி சொல்ல அங்கே அறிந்தவர் ஒருவருமில்லை என்பதால், இருவர் என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்று சோதித்தார்கள். கேட்டவற்றை இங்கே எழுத இயலாது. ஒன்றை மட்டும் சொல்லலாம். சான்றிதழில் உள்ளதைப் போலவே ஒரு தாளில் கையொப்பமிடச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தமிழில் இட்ட கையொப்பம் அது. அவர்களில் மூத்தவர், தமிழ்ப் பெயருடைய ஆனால் கிரியோல் மட்டுமே பேசுகிற மனிதர், இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு மொரீஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்து அதிலுள்ள தமிழ் எழுத்துகளுக்கு அருகே என் தாளை வைத்துச் சிரித்தார். சோதனை அத்துடன் முடிந்தது.

உள்ளே பீடத்தில் பைபிளும் கீதையும் குர்ஆனும் இருந்தன. எங்கள் லாட்ஜில் இவற்றுடன் கிரந்த் சாகிப்பும் பார்சிகளின் ஜெண்ட் அவெஸ்தாவும் சேர்ந்து ஐந்து. சடங்கு ஒன்றேதான் என்றாலும் ஆங்கிலத்தைப் பிரெஞ்சு உச்சரிப்பில் கேட்டது புதுமையாக இருந்தது. விருந்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; கோழி வெந்திருக்கவில்லை.

சரியாக ஒன்பது மணிக்கு, கடிகார முட்கள் செங்கோணமாக நிற்கும் நேரத்தில், வராத சகோதரர்களுக்காக எழுந்து கோப்பை உயர்த்துவது வழக்கம். எழுந்தேன். மழைத்தண்ணீர் வழியும் சன்னல் கண்ணாடிக்கு அப்பால் சம்பந்தியின் வண்டியில் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது அவர் இருக்கையைச் சாய்த்து உறங்கிவிட்டிருந்தார். ரசோன் ஆறுகிறது என்று (ரசத்துக்கு இங்கே அதுதான் பெயர்) சம்பந்தியம்மா மூன்று முறை கைப்பேசியில் அழைத்திருந்தார்.