நெரிசல் நேரத்தில் கைகொடுப்பவை

மதுக்கூடப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்னென்ன கருவிகளை வாங்க வேண்டும் என்பதைத்தான். கேட்கும்போதே பலர், தோல் உறையில் சுருட்டி வைக்கப்பட்ட தங்கமுலாம் பூசிய தொகுப்பு ஒன்றின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டுவார்கள். அதில் உள்ள பாதிப் பொருள்கள் இழுப்பறையை விட்டு வெளியே வரப்போவதில்லை என்பதும், தினமும் பலமுறை கழுவப்படும்போது அந்த முலாம் தாக்குப்பிடிக்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு கருவி அவசியமானதா என்பதைத் தீர்மானிக்க நான் நம்பும் உரைகல் ஒன்றே ஒன்றுதான். கை ஈரமாக இருக்கிறது, வெளிச்சம் மங்கலாக இருக்கிறது, ஆர்டர் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த நேரத்தில் அந்தக் கருவி என் வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் ஜிகருக்குத்தான். இரண்டு கூம்புகளை முனையோடு முனை ஒட்டியதுபோன்ற இந்த அளவுக் குவளையின் வடிவத்துக்குச் சிகாகோவைச் சேர்ந்த கார்னீலியஸ் டங்கன் என்பவர் 1893ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதன் பிறகு அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை. ஆனால் வாய் எவ்வளவு அகலம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வாயின் விட்டம் 45 மில்லிமீட்டர் உள்ள குவளையை விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக நிரப்பினால், 3 மில்லிலிட்டருக்கு மேல் குறைந்துபோகும். வாய் 30 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள, உயரமான ஜப்பானியப் பாணி ஜிகரில் அதே கவனக்குறைவுக்கு நாம் இழப்பது ஏறக்குறைய 1.4 மில்லிலிட்டர்தான். 60 மில்லிலிட்டர் ஊற்றும்போது இது பொருட்டாகத் தெரியாது. எலுமிச்சைச் சாற்றையோ சர்க்கரைப் பாகையோ 15 மில்லிலிட்டர் அளக்கும்போது இந்த வேறுபாடு நாக்கிலேயே தெரியும். உட்புறத்தில் 15, 20, 45 என்று கோடுகள் பொறித்த ஜிகர் ஒன்று இருந்தால் மேசைமீது மூன்று ஜிகர்களைப் பரப்பி வைக்க வேண்டிய தேவை இருக்காது.

அளக்காமல் ஊற்றுவதே தேர்ச்சியின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இத்தொழிலில் நிறையப் பேர் உண்டு. பாட்டில் வாயில் பொருத்தும் ஸ்பீட் போரர் வழியாக மனத்துக்குள் நான்கு எண்ணினால் ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் என்பது அவர்கள் கணக்கு. வோட்காவுக்கும் ஜின்னுக்கும் அந்தக் கணக்கு ஓரளவு சரிப்பட்டுவரும். இனிப்பூட்டிய கெட்டியான மதுவான லிக்கருக்கு வராது, ஏனெனில் அது மெதுவாக இறங்கும். போரரின் காற்றுத் துளையில் சர்க்கரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த பாட்டிலிலும் வராது. ஒவ்வொரு முறையும் 5 மில்லிலிட்டர் கூடுதலாகப் போனால் 750 மில்லிலிட்டர் பாட்டிலில் ஒரு முழு அளவு காணாமல் போய்விடும் என்பதைக் கணக்கு பார்ப்பவர் கவனிக்காமல் விடமாட்டார். பிரிட்டனில் ஜின், ரம், வோட்கா, விஸ்கி ஆகியவற்றைத் தனியாக விற்கும்போது 25 அல்லது 35 மில்லிலிட்டர் அளவிலோ அவற்றின் மடங்குகளிலோதான் விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை சட்டமும் கணக்கும் இரண்டாம்பட்சம். நேற்று குடித்த அதே சுவையை எதிர்பார்த்து இன்று மீண்டும் வரும் வாடிக்கையாளருக்கு, வேறொரு பார்டெண்டர் கலந்தாலும் அதே சுவை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அளக்கிறோம். போரர்களைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கடை மூடும்போது அவற்றை மூடி வைக்காவிட்டால் காலையில் பழ ஈக்கள் உள்ளே மிதக்கும்.

பானத்தை ஐஸோடு சேர்த்துக் குலுக்கும் ஷேக்கர் என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது மூன்று பாகங்கள் கொண்ட காப்ளர் ஷேக்கர். புரூக்ளினைச் சேர்ந்த எட்வர்ட் ஹாக் 1884ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். வடிகட்டி உள்ளேயே பொருந்தியிருப்பதால் வீட்டில் ஒன்றிரண்டு காக்டெயில் கலப்பவருக்கு இது மிகவும் வசதி. நெரிசலான பாரில் அதே வசதி தொல்லையாகிவிடும்: குளிரில் மூடி இறுகிக்கொள்ளும், சிறு துளைகளில் ஐஸ் துகளும் புதினாவும் அடைத்துக்கொள்ளும், கழுவுவதற்கு மூன்று பாகங்கள், தொலைந்துபோவதற்குச் சின்னதாக ஒரு மூடி வேறு. நிதானமான பார்களில் அதை மிக நேர்த்தியாகக் கையாளும் கைதேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் வேகம் வேண்டிய இடத்தில் என் தேர்வு, பெரியதும் சிறியதுமான இரண்டு எஃகுக் குவளைகளைக் கொண்ட பாஸ்டன் ஷேக்கர்தான். சிறிய குவளைக்குப் பதிலாகக் கண்ணாடி கிளாஸ் வைக்கும் பழைய வழக்கம் இன்றும் சில இடங்களில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும் என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. கனமான அந்த கிளாஸைக் குளிர்விப்பதற்கே ஐஸின் சக்தியில் ஒரு பங்கு செலவாகிவிடும். கை நழுவினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு குவளைகளும் எப்படிப் பூட்டிக்கொள்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். சிறியதை நேராகச் செருகாமல், ஒரு பக்கம் பெரியதோடு ஒரே கோடாக ஒட்டி நிற்கும்படி சற்றே சாய்த்து வைத்து, அடிப்பாகத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். குலுக்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதால் பூட்டு தானாகவே இறுகும். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க ஐஸ் இல்லாமல் குலுக்கும்போது குவளைகள் பிளந்துகொண்டு சட்டையை நனைப்பதற்குக் காரணம், அந்தச் சுருக்கம் அங்கே நிகழாததே. சோடா போன்ற வாயு ஏறிய எதையும் உள்ளே விட்டுக் குலுக்கினால் நேர்மாறாக அழுத்தம் கூடி மூடியே பறக்கும். திறக்கும்போது, குவளைகள் ஒட்டியிருக்கும் பக்கத்துக்கும் இடைவெளி தெரியும் பக்கத்துக்கும் நடுவில், மேல் விளிம்பருகே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே ஓர் அடி போதும். மேசை விளிம்பில் மோதித் திறப்பவர்களின் குவளைகள் சீக்கிரமே வளைந்து, பிறகு பூட்டவே மறுக்கும்.

பாஸ்டன் ஷேக்கரோடு தனி வடிகட்டி வேண்டும். விளிம்பில் சுருள்கம்பி ஓடும் ஹாதார்ன் ஸ்ட்ரெய்னரை வாங்கும்போது அந்தச் சுருள் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சுருளைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும் என்பதும் முக்கியம். ஆள்காட்டி விரலால் அதை முன்னே தள்ளினால் இடைவெளி குறைந்து ஐஸ் சில்லுகள் தங்கிவிடும், விட்டால் வேகமாக வடியும். இதற்குக் கீழே கூம்பு வடிவச் சிறு சல்லடை ஒன்றைப் பிடித்து இரண்டாம் முறை வடிகட்டுவது, புதினா அல்லது பழச்சதை சேர்ந்த பானங்களுக்குத் தேவை. எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்வது நேர விரயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துளையிட்ட பெரிய கரண்டி போன்ற ஜூலெப் ஸ்ட்ரெய்னர் பார்ப்பதற்கு அழகான பொருள். ஆனால் ஹாதார்ன் ஒன்று கைவசம் இருக்கும்போது அது இல்லாததால் எந்த வேலையும் நின்றதில்லை.

கலக்கும் கரண்டியைப் பற்றியும் இதே போலச் சொல்லலாம். பார் ஸ்பூனில் நான் தேடுவது, 30 சென்டிமீட்டர் அளவுக்கு நீளமும், விரல்களுக்கிடையே தடையின்றிச் சுழலும் காம்பும்தான். குறிப்புகளில் ஒரு பார் ஸ்பூன் என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலும் 5 மில்லிலிட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல கரண்டிகள் அதில் பாதியே கொள்ளும். ஆகவே புதிய கரண்டி கைக்கு வந்தவுடன் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவையும் பட்டியலிடுபவர்கள் கருவியாகவே எண்ணாத ஒன்று இருக்கிறது, அது ஐஸ். எந்தக் காக்டெயிலிலும் அதிக வேலை செய்வது அதுதான். 1 கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது 80 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி இறக்கப் போதுமானது. அதாவது பானம் குளிர்வதும் அதில் நீர் சேர்வதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பெற முடியாது. ஆல்கஹால் கலந்திருப்பதால் உறைநிலை கீழே இறங்கி, நன்றாகக் குலுக்கிய பானம் பூஜ்ய டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. சுமார் 12 விநாடி மும்முரமாகக் குலுக்கிய பிறகு வெப்பநிலை பெரிதாக இறங்குவதில்லை என்பதால், தோள் வலிக்கக் குலுக்குவது பார்ப்பவர்களுக்காக மட்டுமே. மதுவகைகளை மட்டுமே கலந்து கரண்டியால் சுழற்றும் பானங்களுக்கு அரை நிமிடமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்.

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்கத் தவறுவது ஐஸின் ஈரம். இயந்திரத்திலிருந்து எடுத்து வெகுநேரமாகத் தொட்டியில் கிடக்கும் ஐஸின் மேல் ஏற்கெனவே உருகிய நீர் படிந்திருக்கும். அது குளிர்ச்சி எதையும் தராமல் பானத்தில் நீரை மட்டும் சேர்க்கும். ஆகவே தொட்டியின் அடியில் வடிகால் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதை ஷிப்ட் தொடங்கும் முன் செய்யும் முதல் வேலையாக வைத்திருக்கிறேன். ஐஸ் இயந்திரத்தைப் பராமரிக்காத ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது, மேலாளர் விலை உயர்ந்த கண்ணாடி கிளாஸ்களை வரவழைத்துக்கொண்டே இருந்தார். அந்த கிளாஸ்களில் நாங்கள் பரிமாறியது பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஐஸை அள்ளுவதற்கு ஸ்கூப் ஒன்றே வழி. அவசரத்தில் கிளாஸையே தொட்டிக்குள் விட்டு அள்ளுபவர் எவராக இருந்தாலும், அவரை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. விளிம்பு சிறிது உடைந்தாலும், ஐஸுக்கு நடுவே கண்ணாடித் துண்டை எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. அப்படி உடைந்துவிட்டால் துண்டுகளைப் பொறுக்கிவிட்டுத் தொடர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரும் அறியாமல் வந்து அள்ளிவிடக் கூடாது என்பதற்காக முதலில் கிரெனடின் போன்ற சிவப்புச் சிரப்பை ஐஸ் முழுவதும் ஊற்றி நிறமாக்கிவிட வேண்டும். பிறகு வெந்நீர் விட்டு மொத்தத்தையும் உருக்கி, அடியில் தங்கியதைத் துடைத்தெடுத்து, தொட்டியைக் கழுவித் துடைத்த பின்னரே புது ஐஸ் போட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவின் உச்ச நேரத்தில் இதைச் செய்வது எவ்வளவு கொடுமை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஓர் அலுமினிய ஸ்கூப் எவ்வளவு மலிவு என்பதையும் அப்போதுதான் எல்லோரும் நினைத்துப் பார்ப்பார்கள்.

புதினாவையும் பழங்களையும் கிளாஸுக்குள் நசுக்கும் தடியான மட்லர் வாங்குவதாக இருந்தால் வார்னிஷ் பூசாத மரமோ, உணவுத் தரப் பிளாஸ்டிக்கோ போதும்; பூசியது நாளடைவில் உரிந்து பானத்தில் சேரும். புதினாவை அது அழுத்தினால் போதும், அரைக்கக் கூடாது. எலுமிச்சை பிழியும் கைக்கருவியில் வெட்டிய பக்கம் துளைகளை நோக்கி இருக்க வேண்டும் என்பதை, அந்தக் கிண்ணத்தின் வடிவமே தவறாக வழிகாட்டுவதால், ஒவ்வொரு புதியவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கத்தி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். சிறிய கத்தி ஒன்று, கூர்மையாக, தனக்கென்று ஓர் உறையோடு இருக்க வேண்டும். மழுங்கிய கத்திதான் எலுமிச்சையின் வழவழப்பான தோலில் வழுக்கி விரலுக்கு வரும். தோல் சீவுவதற்கு ஒய் வடிவப் பீலர் போதுமானது, அதைப் பிடிக்கும்போது கட்டை விரல் அதன் பாதையில் இருக்கக் கூடாது. பச்சை எலுமிச்சையை நிறைய பிழிந்த கைகளோடு வெயிலில் நின்றால், அதன் தோலில் உள்ள வேதிப்பொருள் சூரிய ஒளியோடு வினைபுரிந்து கொப்புளமும் கரும்புள்ளிகளும் உண்டாகலாம். திறந்தவெளி நிகழ்ச்சிகளில் பணிபுரிபவர்கள் கையுறை அணிவதையோ, வெளியே போகும் முன் சோப்புப் போட்டுக் கழுவுவதையோ ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

செம்புக் குவளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாஸ்கோ மியூல் என்ற பானம் அவற்றில்தான் பரிமாறப்படுகிறது. அதில் எலுமிச்சைச் சாறு இருக்கிறது. பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 6க்குக் கீழான உணவும் பானமும் செம்பைத் தொடக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மாதிரி உணவு விதிகள் கூறுகின்றன. உட்புறம் எஃகு பூசிய குவளைகள் கிடைக்கும்போது வெறும் செம்பை வாங்குவதற்குக் காரணமே இல்லை.

இனி, எதை யார் வாங்குவது என்ற கேள்வி. ஐஸ் தொட்டி, ஷேக்கர்கள், வழுக்காத ரப்பர் விரிப்பு, சிரப்பை எடை பார்த்துத் தயாரிக்க ஒரு டிஜிட்டல் தராசு ஆகியவை நிறுவனம் தர வேண்டியவை. அவற்றைச் சம்பளத்திலிருந்து வாங்கும்படி ஊழியரிடம் சொல்லும் இடத்தில் வேறு எதுவும் ஒழுங்காக இருக்காது என்பது என் அனுபவம். தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டியவை பாட்டில் திறக்கும் பார் பிளேடு, கையில் பழகிய ஜிகர், கத்தி, ஒயின் கார்க் எடுக்கும் மடிப்புத் திருகு ஆகியவை. அந்தத் திருகுக்கு ஜெர்மானியரான கார்ல் வீங்கே 1882ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இரண்டு படிகளில் நெம்பும் இன்றைய வகையை வாங்கினால் கார்க் நடுவில் ஒடிவது குறையும். வாங்கிய கையோடு எல்லாவற்றின் பிடியிலும் நிற டேப்பை ஒட்டிவிடுங்கள். கழுவப் போன ஜிகர் சமையலறையில் மசாலா அளக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தால், அது யாருடையது என்ற வாக்குவாதத்துக்கு அங்கே நேரமிருக்காது.