ரிவர் கிளைட்: ஒருவழியாக நடைபலகை நின்றுவிட்டது

நான் கட்டும் ரிவர் கிளைட் கப்பல் மாடலில் இடப்பக்க நடைபலகை வளையாமல் நிற்கிறது! வலப்பக்கம் பாக்கி. இருந்தாலும் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

1/350 அளவு, முழுக்க பிளாஸ்டிக் ஷீட். 1905இல் போர்ட் கிளாஸ்கோவில் கட்டிய நிலக்கரிக் கப்பல் என்பதால் உடல் வெறும் பெட்டிதான், அதில் சொல்ல எதுவுமில்லை. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிபோலியில் 'வி' கடற்கரையில் ஏறத்தாழ 2,000 பிரிட்டிஷ் வீரர்களை உள்ளே அடைத்துக்கொண்டு போய் வேண்டுமென்றே தரைதட்ட விட்டார்களே, அதற்காகச் செய்த மாற்றங்களுக்காகத்தான் இதைத் தொட்டேன். பக்கத் தகட்டை வெட்டி வாசல்கள். அவற்றிலிருந்து முகப்பு நோக்கிச் சரியும் நடைபலகை. அப்புறம் தோணிகளைக் கோத்த பாலம். யோசனை பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர் எட்வர்ட் அன்வினுடையது. தோணிகள் நிலைகொள்ளாமல் போக, அவரே குண்டுமழையில் தண்ணீரில் இறங்கி அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலைத் தாண்டியவர்களில் பலர் அந்தப் பலகையிலேயே விழுந்தார்கள். ஆகவே மாடலில் அது ஒப்புக்கு ஒட்டிய குச்சியாக இருக்கக் கூடாது.

சிக்கல் லிக்விட் சிமெண்டில், அதாவது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையில். மெல்லிய பட்டையில் பட்டால் இரவோடு இரவாக அப்பளமாகச் சுருட்டிக்கொள்கிறது. தடித்த பட்டை போட்டால் இந்த அளவில் ரயில்வே பிளாட்பாரம் மாதிரி தெரிகிறது. கடைசியில் அடியில் 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி கொடுத்து, பலகைகளைத் தனித்தனியாக வெட்டி, சூப்பர் குளூவைத் துளித்துளியாக வைத்து ஒட்டினேன். கம்பியின் முனை உடலில் துளையிட்டு உள்ளே போகிறது. பாரம் முழுவதும் அதன் மேல். தொங்கும் கயிறுகள் இழுத்த ஸ்பிரூ (மாடல் கிட்டின் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் குச்சியைச் சூடாக்கி இழையாக இழுத்தது). எரியும் ஊதுபத்தியை ஒட்டாமல் பக்கத்தில் காட்டினால் தொய்வு போய் விறைத்துக்கொள்ளும். ஒரு நொடி கூடினால் அறுந்துவிடும், கவனம்.

பெயிண்டில் எனக்கு அதிர்ஷ்டம். மணல் மஞ்சள் பூச்சு முடிவதற்குள்ளேயே நிஜக் கப்பல் கிளம்பிவிட்டது. திட்டுத்திட்டாக அடித்தால்தான் சரி! மாஸ்கிங் டேப்பே வேண்டாம், கிழிந்த ஸ்பாஞ்ச் போதும்.

முகப்பில் பாய்லர் தகடும் மணல் மூட்டையும் வைத்தாயிற்று. நடுவில் வர வேண்டிய 11 இயந்திரத் துப்பாக்கிகள்தான் இல்லை. ரெசினில் 3டி அச்சடித்துக் கொடுத்தவர் சப்போர்ட்டை (அச்சடிக்கும்போது பாகத்தைத் தாங்கும் குச்சிகளை) அப்படியே விட்டு அனுப்பியிருக்கிறார். வெட்டப் போனால் குழல்தான் முதலில் உடைகிறது. பித்தளை ஊசியில் நானே செய்துவிடலாம் போல.

இதற்கிடையில் மனசு 1982க்கு ஓடுகிறது: அட்லாண்டிக் கன்வேயர். கன்டெய்னர் கப்பலின் மேல்தளத்தில் இருபுறமும் கன்டெய்னர்களைச் சுவராக அடுக்கி, நடுவில் ஹாரியர் போர் விமானங்களையும் சினூக் ஹெலிகாப்டர்களையும் ஏற்றி ஃபாக்லாந்து போருக்கு பிரிட்டிஷார் அனுப்பினார்கள். மே 25 அன்று எக்ஸோசெட் ஏவுகணை தாக்கும் முன்பே ஹாரியர்கள் இறங்கிப் போயிருந்தன. நான் கட்டினால் அவை ஏறியிருந்த நிலையில்தான். உப்புக்காற்று படாமல் விமானங்களை உறைபோட்டு மூடியிருந்ததால் காக்பிட் வேலையும் மிச்சம்.