கல்லில் ஒரு பெயர்: நவ் ஷாப்பெல்

உத்தராகண்டில், ரிஷிகேஷிலிருந்து டெஹ்ரி போகிற வழியில் சம்பா என்று ஒரு மலையூர். டீ குடிக்க இறங்கியபோதுதான் கப்பர் சிங் நேகியின் நினைவிடத்தைப் பார்த்தேன். பக்கத்துக் கிராமத்துக்காரர். 1915-இல், முதல் உலகப் போரில், பிரான்சில் இறந்தவர். "உடம்பு ஊர் வந்து சேரலையே சார். ஏப்ரல் வந்தா நாங்க மேளா எடுப்போம்" என்றார் கடைக்காரர். அந்தச் 'சேரலையே' எனக்குள் தங்கிவிட்டது.

போன மாதம் பிரான்சின் லீல் நகரில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. வாடகைக் காரில் லா பாசே போய் வடக்கே திரும்பினால், அவர் இறந்த நவ் ஷாப்பெல் கிராமம். எங்கும் தட்டையான வயல், ஈரக் களிமண். ஒதுங்க ஒரு பாறை இல்லை. மலையில் பிறந்த பிள்ளைகளை இங்கேயா இறக்கினார்கள்!

நாற்சந்தியில் இந்திய வீரர்களுக்கான நினைவிடம், 15 மீட்டர் தூண். உச்சியில் தாமரை, அடியில் இரு புலிகள். முன்பக்கக் கல்வேலி சாஞ்சியை நினைவூட்டியது. டெல்லி மத்தியச் செயலகத்தை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கரின் வேலை, 1927-இல் திறந்தார்கள். பின்னால் வளைந்து ஓடும் சுவர் நிறைய, கல்லறைகூட வாய்க்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள்.

அவருடைய படைப்பிரிவான 39-ஆவது கார்வால் ரைஃபிள்ஸ் பகுதியில் விரல் வைத்துத் தேடினேன். ராவத், நேகி, பிஷ்ட், மறுபடி நேகி. எத்தனை வீடுகள்! கடைசியில் கிடைத்தார், 'கோபர் சிங்' என்று. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸை அவருக்கு அறிவித்த அரசிதழிலும் அப்படித்தான். ஊர் கூப்பிடும் பெயர் கப்பர். அதை வாய்விட்டுச் சொன்னேன். குளிர்ந்த கல்லில் எழுத்தின் விளிம்பு விரலில் தட்டியது.

1915 மார்ச் 10 காலை, 35 நிமிடப் பீரங்கிக் குண்டுவீச்சுக்குப் பிறகு தாக்குதல். ஜெர்மானியரின் பதுங்கு அகழி நேராகப் போகாது, அடிக்கடி மடங்கும். மடக்குக்கு அப்பால் துப்பாக்கியோடு யார் நிற்பார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு மடக்கிலும் முதல் ஆளாகத் திரும்பியவர் அவர்தான். எதிரிகள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சரணடைந்தார்கள். அந்தச் சண்டையிலேயே அவரும் விழுந்தார். 20 வயது நிறைய 42 நாள் பாக்கி.

வருகைப் பதிவேட்டில் தமிழிலேயே எழுதினேன்: "கப்பர் சிங், சம்பாவில் உங்களுக்கு மேளா நடக்கிறது."

கடைக்காரரின் போன் நம்பர் என்னிடம் இல்லை. அந்தப் பெயரைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.