முதல் ரைஃபிள் வாங்குவதற்கு முன்

டெக்சாஸில் வீட்டுப் பாதுகாப்புக்கு ரைஃபிள் வாங்கலாமா என்று கேட்கும் நம்மவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது விசாவைத்தான். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகுதான் நானே வாங்கினேன்.

சரி, எதை வாங்குவது? 16 அங்குலக் குழல் உள்ள எளிய ஏஆர்-15 வகை ரைஃபிள் போதும். அதைவிடக் குட்டையான குழல் 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வரும், பதிவில்லாமல் வைத்திருந்தால் குற்றம். குழலில் தோட்டா உட்காரும் அறை (சேம்பர்) 5.56 என்ற வகைத் தோட்டாவுக்கானதா என்று பாருங்கள், அதில் .223 ரெமிங்டன் என்ற தோட்டாவையும் சுடலாம். ஆனால் .223 அறையில் 5.56-ஐப் போடவே கூடாது, உள்ளே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

அப்புறம் ரைஃபிளில் மாட்டும் விளக்கு. நிறைய பேர் குறிபார்க்கும் தொலைநோக்கியில் காசைக் கொட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். நள்ளிரவில் கூடத்தில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்து வந்த உங்கள் மகளா என்று தெரியாமல் விரல் விசைக்குப் போகவே கூடாது. இங்குள்ள அட்டைச் சுவர்களைத் தோட்டா துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும்.

தோள்வார், காதுக் கவசம், ரத்தப்போக்கை நிறுத்த ஒரு டூர்னிக்கெட், பூட்டிய இரும்புப் பெட்டி. மிச்சப் பணத்தைப் பயிற்சி வகுப்புக்கும் தோட்டாவுக்கும் வையுங்கள்.